ராக்கெட் விடுகிற மகளுக்கு, பாம்பனிலிருந்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி பழையபடிதான், எண்ணெய் தேய்த்துக்கொண்டு நடமாடுகிறாள். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ஆம் தேதியோடு முடிகிறது. கரையேற்றிய விசைப்படகுகளுக்கு அடியில் பைபர் போடுகிற வேலையை அதற்குள் முடித்துக் கொடு என்று ஆள் மாற்றி ஆள் வந்து நிற்கிறார்கள். கச்சான் காற்றும் எழும்பிவிட்டது. தென்கடல் பக்கம் ரெசின் பூசினால் காய்வதற்குள் மணல் வந்து ஒட்டிக்கொள்கிறது. படுதா கட்டி மறைத்துக்கொண்டு வேலை பார்க்கிறோம்.

போனில் சொல்வதை விட்டுவிட்டு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ இப்போதெல்லாம் வந்ததும் வைத்துவிடுகிறாய். வீடியோவைப் போடு என்றால் நெட் சரியில்லை என்கிறாய். பாம்பனில் எங்களுக்குக் கிடைக்கிற நெட் டெக்சாஸில் உனக்குக் கிடைக்கவில்லை. சரி, இருக்கட்டும்.

தம்பிக்கு நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். எனக்கு அனுப்பவில்லை, தம்பிக்குத்தான் அனுப்பியிருக்கிறாய், அதையும் சரி என்று விட்டுவிட்டேன். ராக்கெட் நன்றாக வந்திருக்கிறது. பெட்டியில் வந்த குழாயும் பிளைவுட்டும்தான் இது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். இறக்கை ஒட்டிய இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூலையில் ரெசின் ஒரே வளைவாக, குமிழ் இல்லாமல், வழிந்த தடம் இல்லாமல் இருக்கிறது. விரலை நனைத்து ஒரே இழுப்பில் இழுத்தால்தான் அப்படி வரும், பாதியில் நிறுத்தி மறுபடி தொட்டால் வராது. ஒட்டுவதற்கு முன்னால் குழாயின் பளபளப்பு போகிற அளவுக்கு உப்புத்தாள் போட்டாயா? பளபளப்பின் மேல் ஒட்டியது என்றைக்கிருந்தாலும் உரிந்துதான் வரும். போட்டிருப்பாய். நம் பட்டறையில் வளர்ந்தவள், உனக்கு நான் சொல்ல வேண்டாம்.

அந்தப் போட்டோவில் ராக்கெட்டை இடது கையால் பிடித்திருக்கிறாய். வலது கை பின்னால் இருக்கிறது. போட்டோவுக்காக அப்படி நின்றிருப்பாய். அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன தடவை நீ அனுப்பிய வீடியோவை டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினேன். கீழே புகை தெரிகிறது, ராக்கெட்டைக் காணோம், அவ்வளவு வேகம். மறுபடி போடு, மறுபடி போடு என்று செல்லில் சார்ஜ் தீர்த்துவிட்டார்கள். அது எச் மோட்டார், ஒவ்வொரு எழுத்துக்கும் பலம் இரட்டிப்பாகும், எச் 320 நியூட்டன் நொடி வரைக்கும், ஐ 640, ஜே 1280 என்று நீ சொன்னதை நான் அவர்களுக்குச் சொன்னேன். கரும்பலகை இல்லாத குறைதான். ராக்கெட் உருப்படியாகத் தரையிறங்கி, மறுபடி விடுகிற நிலையில் கைக்குக் கிடைத்தால்தான் உங்கள் ராக்கெட் சங்கத்தில் முதல் நிலைச் சான்று தருவார்கள் என்றதும் ஒருத்தர், "அதுதானே கஷ்டம், ஏறுவது எதுவும் ஏறும்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அடுத்தது ஜே மோட்டார், அதற்கு எழுத்துப் பரீட்சையும் உண்டு என்றாய். பின்னால் பெரிய மோட்டார் ஏற்றினால் எடை பின்னால் போகும், எடையின் மையம் காற்று தள்ளுகிற மையத்துக்கு முன்னால், குறைந்தது குழாயின் ஒரு விட்டமாவது தள்ளி இருக்க வேண்டும், அதனால் மூக்கில் பாரம் வைக்கப் போகிறேன் என்று சொன்னாய். வத்தைப் படகுக்குப் பெரிய எஞ்சின் மாட்டினால் முன்பக்கம் அணியத்தில் பாரம் வைப்போமே, அதேதான். இதையெல்லாம் நீ சொல்லும்போது எனக்குப் புரிகிறது. புரியாது என்று நினைத்துத்தான் சில விஷயங்களைச் சொல்லாமல் விடுகிறாயோ என்னவோ.

உங்கள் சங்கத்தின் பாதுகாப்பு விதிகளைத் தம்பியிடம் சொல்லித் தமிழில் படிக்கச் சொன்னேன். ஜே வரைக்கும் 100 அடி தள்ளி நிற்க வேண்டும், கே போனால் 200 அடி. காற்று மணிக்கு 20 மைலுக்கு மேல் அடித்தால் விடக் கூடாது. பற்றவைக்கிற கம்பியை ராக்கெட்டை விடுகிற இடத்துக்குக் கொண்டுபோன பிறகுதான் மோட்டாருக்குள் நுழைக்க வேண்டும். பொத்தானை அழுத்தியும் பற்றவில்லை என்றால் ஒரு நிமிடம் யாரும் கிட்டே போகக் கூடாது. நல்ல விதிகள். எழுதியவனுக்கு அனுபவம் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தை மட்டும் நீ மனசில் வை. ஏன் பற்றவில்லை என்று பார்க்கக் கால் தானாகப் போகும். போகாதே.

ஆனால் மோட்டாரை நினைத்து எனக்கு அவ்வளவு பயமில்லை. அதை நீ தூரத்திலிருந்து பற்றவைக்கிறாய். பாராசூட்டை வெளியே தள்ள வைக்கிறாயே கருமருந்து, இரண்டு மூன்று கிராம்தான் என்றாயே, அதுதான். காற்றழுத்தத்தைப் பார்த்து உச்சியைக் கண்டுபிடிக்கிற பெட்டி, அதிலிருந்து ஒயர், ஒயர் முனையில் மருந்து. உச்சியில் சின்னக் குடை, கீழே வரும்போது பெரிய குடை. மருந்து போதுமா என்று முன்கூட்டியே தரையில் வைத்து வெடித்துப் பார்ப்பீர்கள் என்றும் சொன்னாய். அந்தப் பெட்டிக்குப் பேட்டரி இருக்கிறது, சுவிட்ச் இருக்கிறது. மருந்தை அடைப்பது மட்டும் கைதானே. ராக்கெட்டைக் கம்பத்தில் ஏற்றி நிமிர்த்திய பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். தரையில் சோதிக்கும்போது ஒயரை நீளமாக இழுத்துக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும், குழாயின் வாய்க்கு நேரே முகமோ கையோ இருக்கக் கூடாது. கை இருக்கக் கூடாது.

பட்டறையில் நான் உன்னிடம் கத்தியது ஞாபகம் இருக்கிறதா? சௌகரியமாக இருக்கட்டும் என்று ரெசினை இறுக வைக்கிற கோபால்ட்டையும் காட்டலிஸ்ட்டையும் ஒரே பலகையில் வைத்தாய். கோபால்ட்டை முதலில் ரெசினில் விட்டு நன்றாகக் கலக்கிவிட வேண்டும், காட்டலிஸ்ட் கடைசியில்தான். இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இன்றைக்கும் இரண்டும் வேறு வேறு மூலையில்தான் இருக்கின்றன. நீ அன்றைக்கு அழவில்லை, முறைத்தாய். இப்போதும் முறைப்பாய்.

இங்கே பேக்கரும்பில் கலாம் நினைவிடத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். உன்னைப் பற்றிச் சொன்னால், "தீவுப் பிள்ளை, ராக்கெட் விடாமல் என்ன செய்யும்" என்கிறார்கள். 1963 நவம்பர் 21 அன்று கேரளத்துத் தும்பாவில் முதல் ராக்கெட் போனபோது கலாம் பார்த்தது ராக்கெட்டைப் பூட்டுகிற வேலையும் பாதுகாப்பும்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. பாதுகாப்பு. அதற்கென்று ஒரு ஆளைப் போட்டிருக்கிறார்கள். உன் பக்கத்தில் அந்த வேலையை யார் பார்க்கிறார்கள்? நீயே பூட்டி, நீயே மருந்து அடைத்து, நீயே சரி பார்த்தால் அது சரிபார்த்ததாகாது.

அத்தை ஒரு வரன் சொல்லியிருக்கிறாள், மண்டபத்துக்காரர்கள், பையன் கோயம்புத்தூரில். அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது, அடுத்த முறை நீ வரும்போது மண்டபத்தில் இறங்கி பஸ் ஏற வேண்டியதில்லை. தம்பி பரீட்சை சுமாராக எழுதியிருக்கிறானாம்.

சித்தப்பா வந்திருந்தார். கடலில் தோட்டா வெடி போட்டு மீன் பிடித்த காலத்தை அவர் வாயால் என்றைக்கும் பேசியதில்லை, உனக்குத் தெரியும். உன் போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ராக்கெட்டை ஒன்றும் சொல்லவில்லை. "பிள்ளை எப்போதிருந்து இடது கைக்காரி ஆனாள்?" என்று மட்டும் கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அவர் இடது கையால் கையெழுத்துப் போடப் பழக ஒரு வருஷம் ஆயிற்று. பாங்கில் அதையும் ஒத்துக்கொள்ளாமல் அலைக்கழித்தார்கள்.

உன்னை ராக்கெட் விடாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டாய், கேட்டால் எனக்கும் நன்றாக இருக்காது. ஜே மோட்டாரைக் கொஞ்சம் தள்ளிப் போடு. பரீட்சை எங்கே போய்விடப் போகிறது. ரெசின் வேலைக்கு உறை போட்டுக்கொள். உப்புத்தாள் போடும்போது மூக்கைக் கட்டிக்கொள், பைபர் தூள் நெஞ்சில் தங்கினால் போகாது. ஒரு நிமிடம் காத்திரு.

இதற்குப் பதிலை டைப் செய்து அனுப்பாதே. ஒரு தாளில் பேனாவால் நாலு வரி எழுதி, அதைப் போட்டோ எடுத்து அனுப்பு. உன் கையெழுத்தைப் பார்த்து நாளாயிற்று என்று அம்மா சொல்கிறாள். எழுத முடியவில்லை என்றால் எனக்கோ அம்மாவுக்கோ சொல்லச் சங்கடமாக இருக்கும், தெரியும். சித்தப்பா நம்பர் தம்பியிடம் இருக்கிறது. ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பார், யாரிடமும் சொல்ல மாட்டார்.

இப்படிக்கு,
அப்பா