ஓட்டை எந்தப் பக்கம், ஐயா?

அன்புள்ள ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். சென்ற இதழில் ஆவிக்குரிய யுத்தத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். "கொரோனா நாட்களில் ஜெபவேலியில் ஓட்டை விழுந்திருந்த வீடுகளுக்குள்தான் சங்காரக்காரன் நுழைந்தான்" என்று அதில் ஒரு வரி. அப்படிப்பட்ட வீடு ஒன்றிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் 2021 மே மாதம் போனார். 91-ம் சங்கீதத்தைச் சொல்லாமல் காலைக் காபியைத் தொடமாட்டார். "வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்று அட்டையில் எழுதி வாசல் நிலையில் ஒட்டியதும் அவர்தான். அட்டை இன்னும் இருக்கிறது. தானியேல் 10-ம் அதிகாரத்தை வைத்து நீங்கள் சொல்லித்தந்த 21 நாள் உபவாசத்தை, அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே தொடங்கினேன். தானியேலின் ஜெபத்துக்குப் பதில் கொண்டுவந்த தூதனைப் பெர்சியாவின் அதிபதி மறித்து நின்றது 21 நாள். எனக்கு 12-ம் நாளே போன் வந்துவிட்டது. அடக்கத்துக்கு 4 பேர். ஊரடங்கு தளர்ந்ததும் ஜெபக்குழுவினர் வந்தார்கள். "வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதாவது உண்டா அக்கா?" என்று கேட்டார்கள். எந்தப் பத்திரிகையில் படித்துவிட்டு வந்தார்களோ, உங்களுக்குத் தெரியாதா?

ஓட்டை எந்தப் பக்கம் என்று நீங்களே ஒருநாள் நேரில் வந்து காட்டினால் உபகாரமாக இருக்கும்.

வேதத்தில் உங்களுக்கு நான் என்ன சொல்லித்தர முடியும்? அதே சங்கீதத்தைத் தேவாலயத்து உப்பரிகையில் வைத்து இயேசுவுக்கு எடுத்துச் சொன்னது பிசாசு என்பது தெரியும். தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள், குதியும் என்றான். அவர் குதிக்கவில்லை. பிசாசை எதிர்த்து நிற்க அணியும் சர்வாயுதவர்க்கத்தைப் பற்றி எபேசியர் 6-ல் எழுதிய பவுல், அதே அதிகாரத்தில் தன்னைச் சங்கிலியால் கட்டப்பட்டவன் என்கிறார். அவருடைய வேலியிலும் ஓட்டையா?

வெளிப்படுத்தின விசேஷத் தொடரில், முதல் 4 முத்திரைகளை உடைக்கும்போது வரும் 4 குதிரைகளுக்கு 4 மாதம் எடுத்துக்கொண்டீர்கள். 5-ம் முத்திரைக்கு ஆறு வரி. கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து "எதுவரைக்கும்" என்று கூப்பிடுகிறார்கள். அவர்களுக்கு வெள்ளை அங்கி கிடைக்கிறது. இன்னும் கொலைசெய்யப்படப்போகிறவர்களின் தொகை நிறைவாகும்வரை இளைப்பாறுங்கள் என்ற பதிலும் கிடைக்கிறது. வருஷப்பிறப்பு வாக்குத்தத்த அட்டையில் இதை அச்சடிக்க முடியாது, சரிதான்.

1991-ல் வளைகுடாப் போர் நடந்தபோது வெளிப்படுத்தலில் விழப்போவதாகச் சொல்லும் மகா பாபிலோன் ஈராக்தான் என்றீர்கள். 2000 பிறக்கும்போது அரிசியும் மண்ணெண்ணெயும் சேர்த்துவைக்கச் சொன்னீர்கள். அந்த மண்ணெண்ணெயை ஏப்ரல் வரை எரித்தோம். எசேக்கியேல் 38-ல், இஸ்ரவேலின்மேல் படையெடுத்து வருகிறவனைச் சொல்லும் இடத்தில் வரும் 'ரோஷ்' ரஷ்யாதான் என்றீர்கள். எபிரேயத்தில் ரோஷ் என்றால் தலை என்று ஓர் ஓய்வுபெற்ற போதகர் எழுதி அனுப்பியதை நீங்கள் போடவே இல்லை. அவர் என் மாமனார். ஆதார் அட்டை வந்ததும் மிருகத்தின் முத்திரை, 666 என்றீர்கள். இப்போது உங்கள் சட்டைப்பையிலும் ஒன்று இருக்கும். இதில் எதற்காவது, தவறாக எழுதிவிட்டோம் என்று ஒரு பெட்டிச் செய்தி வந்ததுண்டா? நீங்கள் தவறினால் அது காலத்தின் அடையாளம்; எங்கள் வீட்டில் ஒருவர் செத்தால் மட்டும் ஜெபக்குறைவு.

சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ சூளையிலிருந்து தப்பியதை அடிக்கடி எழுதுகிறீர்கள். சூளைக்கு முன்னால் நின்று அவர்கள் சொன்ன "விடுவிக்காமற்போனாலும்" என்ற தானியேல் 3:18-ஐ ஒருமுறை அட்டையில் போடுங்கள். படம் வேண்டாம், வசனம் போதும்.

அப்புறம், இதழ் இன்னும் என் வீட்டுக்காரர் பெயருக்கே வருகிறது. தபால்காரர் மாதாமாதம் அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். இரண்டு முறை கார்டு போட்டுவிட்டேன், பதிலில்லை. அவர் கட்டியது ஆயுள் சந்தா. அந்த ஆயுள் முடிந்துவிட்டது. ஒன்று என் பெயருக்கு மாற்றுங்கள், இல்லை நிறுத்திவிடுங்கள். சந்தா எண் உள்ள பழைய மேலுறையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
1988 முதல் உங்கள் வாசகி,
பாளையங்கோட்டை