இஸ்கந்தரிய்யாவுக்கு உம்மாவையும் கூட்டிப் போ

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இங்கே அப்பா தேறிவிட்டார், வாசல்வரை நடக்கிறார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மக்காவில் உம்ரா முடித்து உம்மாவோடு எகிப்துக்குப் போகிறாய். கெய்ரோவும் பிரமிடும் போதாதா, அலெக்ஸாண்ட்ரியா, அதாவது நீங்கள் சொல்லும் இஸ்கந்தரிய்யா, வேறு எதற்கு என்கிறாய். கட்டாயம் போ. நேரம் இல்லையென்றால் கெய்ரோவில் ஒரு நாளைக் குறை, இதை விடாதே. நான் போய்வந்ததிலிருந்தே உன்னிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

காயல்பட்டினத்தில் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் கேட்ட, நபிகள் நாயகத்தைப் புகழும் புர்தா ஷரீஃப் பாட்டு இருக்கிறதே, அதைப் பாடிய இமாம் பூஸிரி அடங்கியிருப்பது இந்த ஊரில்தான். 13ஆம் நூற்றாண்டுக்காரர். பக்கவாதத்தில் கிடந்தவர் அதைப் பாடினார், கனவில் நபிகள் நாயகம் தம் போர்வையைப் போர்த்தினார்கள், விழித்தபோது குணமாகியிருந்தது என்று உன் வாப்பா சொல்வார்களே, அவரேதான். அவர் அடங்கியிருக்கும் பள்ளிவாசல் சுவரிலும் புர்தாவின் அடிகள்தான். எதிரே அபுல் அப்பாஸ் முர்ஸியின் பெரிய பள்ளி. முர்ஸி, ஷாதுலிய்யா என்ற சூஃபி வழியைத் தொடங்கிய ஷாதுலி நாயகத்தின் சீடர். உங்கள் ஊரில் ஷாதுலிய்யா தரீக்காவைச் சேர்ந்த பெரியவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. உம்மாவை அங்கே அவசரப்படுத்தாதே. ஒரு முழுக் காலையை ஒதுக்கி வை.

பக்கத்திலேயே அன்ஃபூஷி, மீனவர் பகுதி. கடையில் மீனை நாமே பொறுக்கிக் கொடுத்தால் சுட்டுத் தருவார்கள். மடவையைக் கோதுமைத் தவிட்டில் புரட்டிச் சுடுகிறார்கள். மேலே கருகினாலும் உள்ளே சதை காய்வதில்லை. வெங்காயத்தைச் சிவக்க வதக்கிச் சமைக்கும் ஸயாதிய்யா சோறும் வாங்கு. மீன் ருசி தெரிந்த உங்கள் ஆட்களுக்குப் பிடிக்காமல் போகாது.

கடலோரச் சாலையின் முனையில் காயித்பே கோட்டை. நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்ற பழைய கலங்கரை விளக்கம் நிலநடுக்கங்களில் விழுந்தது. அந்த இடத்தில் அதன் கற்களையும் சேர்த்து 1477இல் சுல்தான் காயித்பே கட்டத் தொடங்கியது. அந்தக் காலத்தில் பேர்பெற்றிருந்த பழைய நூலகத்தைத் தேடாதே, அதில் எதுவும் மிச்சமில்லை. 2002இல் திறந்த புது நூலகத்துக்குப் போ. பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து படிக்கிறார்கள். இடிபாடுகளைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. கோம் அல் ஷுகாஃபா நிலவறைக் கல்லறைகள் அற்புதம்தான், ஆனால் கிணற்றுக்குள் இறங்குவது போலச் சுற்றிச் சுற்றிப் படிகள். உம்மாவின் முட்டிக்கு ஆகாது, நீ மட்டும் பார்த்துவிட்டு வா.

அப்புறம், ஜூலை, ஆகஸ்டில் கெய்ரோக்காரர்கள் எல்லாம் கடல் குளிக்க அங்கே வந்துவிடுவார்கள். டிசம்பர், ஜனவரியில் புயலும் மழையும். அக்டோபர்தான் நல்லது. கெய்ரோவிலிருந்து ரயிலில் இரண்டரை, மூன்று மணி நேரம். காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்று பயண ஏஜென்ட் சொல்வார், ஒத்துக்கொள்ளாதே. இரண்டு ராத்திரியாவது தங்கு. தேதி முடிவானதும் எழுது, நான் தங்கிய இடத்தின் விவரம் அனுப்புகிறேன். உம்மாவுக்கு என் சலாம் சொல்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்