மரு என்ற ஒரே சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயது ஏற ஏறக் கன்னத்திலும் கழுத்திலும் முதுகிலும் தோன்றும் முளைகள் அனைத்தையும் நாம் ‘மரு’ என்று ஒரே பெயரிட்டு அழைப்பதால் வரும் சங்கடத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். எனக்கு வயது 68. சில மாதங்களுக்கு முன்பு, கோயிலில் என் கன்னத்தைத் தொட வந்த ஒரு குழந்தையை, “தொடாதே, ஒட்டிக்கொள்ளும்” என்று அதன் பாட்டி இழுத்துக்கொண்டார். அவரும் என் வயதுக்காரர்தான். அவர் கழுத்திலும் நான்கைந்து தொங்கிக்கொண்டிருந்தன.

ஒட்டிக்கொள்வது வைரஸ் கிருமியால் வரும் மரு. அது சிறுவர்களுக்கும் வரும். ஐம்பதைக் கடந்தவர்களிடம் மெழுகை உருக்கி ஒட்டியதுபோல் பழுப்பாகவோ கறுப்பாகவோ காணப்படும் ‘செபோரிக் கெரட்டோசிஸ்’ வேறு. அது யாரையும் தொற்றுவதில்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. நம்மைப் போன்ற கருநிறத்தவரின் கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் மிளகுபோல் சிதறிக் கிடக்கும் சிறு முளைகள் அதே வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு ‘டெர்மடோசிஸ் பாப்புலோசா நைக்ரா’ என்று தனிப் பெயரே உண்டு. 1925ஆம் ஆண்டில் கஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர் இவற்றை விவரித்திருக்கிறார். பெரும்பாலும் தாய் தந்தையரிடமிருந்து வரும் சொத்து இது. என் தாயாருக்கும் இருந்தது.

தாயார் வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் போடுவதாக வேண்டிக்கொண்டார். மரு போகவில்லை என்றாலும், அதனால் அவர் கன்னம் வெந்துபோகவும் இல்லை. நானோ, படித்தவள் என்ற நினைப்பில், தீபாவளிக்கு முன் ஒரு இரவுச் சந்தைக் கடையில் ‘மரு நீக்கும் சொட்டு மருந்து’ வாங்கித் தடவினேன். முளை உதிர்ந்தது உண்மைதான். அது இருந்த இடத்தில் வெள்ளைத் தழும்பு ஒன்று நிலைத்துவிட்டது. கருஞ்சருமத்தில் நிறம் தரும் உயிரணுக்கள் சூட்டையும் அமிலத்தையும் கடுங்குளிரையும் எளிதில் தாங்குவதில்லை என்றும், மைனஸ் 196 டிகிரி குளிருள்ள திரவ நைட்ரஜனைக்கூட நம் முகத்தில் யோசித்தே பயன்படுத்துவார்கள் என்றும் பின்னர் பார்த்த தோல் மருத்துவர் சொன்னார்.

எல்லாவற்றையும் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று நான் சொல்லவில்லை. வேகமாக வளர்வது, நிறம் மாறுவது, இரத்தம் கசிவது, ஒரே சமயத்தில் ஏராளமாக முளைப்பது ஆகியவற்றை உடனே பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் காட்ட வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் தொங்கும் பாலுண்ணிகள் அதிகமாக இருந்தால், அவற்றை நூல் கட்டி அறுப்பதைவிட இரத்தத்தில் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது நல்லது, ஏனெனில் இரண்டுக்கும் தொடர்பு உண்டு. முகத்தையே கண்ணாடியில் பார்த்துக் கவலைப்படும் நாம், உள்ளங்காலைப் பார்ப்பதில்லை. கருநிறத்தவருக்கு அரிதாக வரும் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் பெரும்பாலும் உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ நகத்தடியிலோதான் தொடங்குகிறது.

நான் கண்ட விளக்கக் கையேடுகளில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெளிர்நிறத்தவர்களுடையவை. அவற்றில் உள்ளதை என் கையோடு ஒப்பிட்டுப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆகவே தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், நம்மவர் சருமத்தில் இவை எப்படித் தோன்றும் என்பதைப் படங்களுடன் ஒரு தோல் மருத்துவரைக் கொண்டு எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தோ பாயோ, சிங்கப்பூர்