மழைக்கு முன் ஒரு மீட்புப் பெட்டி: செட்டிநாட்டு விடுதி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டின் பழைய வீடுகளில் விடுதி நடத்திவரும் உரிமையாளர்களுக்கும், அவர்களுடைய விருந்தினரைக் கண்மாய்க்கரைக்கும் அய்யனார் கோயில் மண்குதிரைகளைக் காட்டவும் ஜீப்பில் அழைத்துச் செல்லும் ஓட்டுநர் அன்பர்களுக்கும் வணக்கம்.

காரைக்குடி வட்டாரத்தில் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். சென்ற ஆண்டு கார்த்திகையில், ஒரு கண்மாயின் உள்வாயில், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கும் பகுதியில், புதைந்துபோன ஜீப்பை டிராக்டர் கட்டி இழுத்தபோது நான் கரைமேல் நின்றிருந்தேன். வண்டி ஒரு விடுதியினுடையது. விருந்தினர் இருவர் இறங்கி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டிராக்டர்காரர் பக்கத்து வயலிலிருந்து உதவிக்கு வந்த நல்ல மனிதர். அவரிடம் இருந்தது ஏர் மாட்டும் சங்கிலி ஒன்றுதான். அதை ஜீப்பின் முன்பம்பரில் யாரோ எப்போதோ வெல்டிங் வைத்திருந்த வளையத்தில் மாட்டி, சங்கிலி தொய்ந்து கிடக்கும்போதே கிளட்சை விட்டார். வளையம் வெல்டிங்கோடு பிய்ந்து, சங்கிலியின் நுனியில் தொங்கியபடி டிராக்டரை நோக்கிப் பாய்ந்து, பின்சக்கரத்து மட்கார்டைக் குழியாக்கிவிட்டு விழுந்தது. ஒரு முழம் உள்ளே தள்ளி வந்திருந்தால் அது அவருடைய முதுகுத்தண்டில் பட்டிருக்கும். அன்று மாலையே இந்த மடலை எழுதத் தொடங்கினேன்.

நான் உங்களிடம் கேட்பது இதுதான்: மண்பாதைக்கு அனுப்பும் ஒவ்வொரு வண்டியிலும், ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன், முறையான மீட்புப் பெட்டி ஒன்றைச் சேர்த்து வையுங்கள், அதைச் சேர்க்கும்போது கடையில் கிடைப்பதையெல்லாம் வாங்கிப் போடாமல், உங்கள் வண்டியின் எடைக்கும் நம்முடைய மண்ணுக்கும் பொருந்தும்படி ஒவ்வொன்றையும் கணக்கிட்டு வாங்குங்கள்.

நம் மண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மேட்டில் செம்மண்ணும் சரளையும்; கோடையில் தார்ச்சாலை போல இறுகியிருக்கும். அந்த நம்பிக்கையிலேயே ஓட்டுநர் கண்மாய்க்குள் இறங்குகிறார். உள்வாயில் கிடப்பதோ தலைமுறைகளாகத் தண்ணீர் கொண்டுவந்து படியவைத்த வண்டலும் களியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை நிற்கும். இடையில் நான்கு நாள் வெயில் அடித்தால் மேலே பொருக்குத் தட்டிக் காய்ந்துவிடும், அடியில் உளை அப்படியே இருக்கும். ஆள் நடந்தால் தாங்கும் அந்தப் பொருக்கு, இரண்டு டன் வண்டியின் சக்கரம் ஏறியதும் அப்பளம்போல் நொறுங்கும். வெளிநாட்டு விருந்தினர் வரவு கூடத் தொடங்கும் மாதங்களும் இவையே என்பதால், ஆபத்தும் வருமானமும் ஒரே பருவத்தில் கூடி வருகின்றன. (உழவர்களின் சார்பில் ஒன்று சொல்ல வேண்டும்: நனைந்த கரையின்மீதும் கலுங்கு, மடைகளின் அருகிலும் வண்டி ஏற்றாதீர்கள். சக்கரத்தடம் வழியாகத்தான் கரை அரிக்கத் தொடங்கும்.)

பெட்டியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கயிற்றிலிருந்து தொடங்குகிறார்கள். நான் வண்டியிலிருந்து தொடங்கச் சொல்வேன். கயிறு எவ்வளவு வலுவாக இருந்தாலும் அதை மாட்டும் இடம் பிய்ந்துபோனால், அந்த இரும்புத்துண்டே கவண்கல்லாகிவிடும். ஆகவே உங்கள் வண்டியின் முன்னும் பின்னும், சேஸி எனப்படும் அடிச்சட்டத்தோடு உயர்தர போல்ட்டுகளால் பிணைக்கப்பட்ட இழுவைக் கொக்கியோ வளையமோ இருக்கிறதா என்று படுத்துப் பாருங்கள். லாரியில் ஏற்றும்போது கட்டிவைப்பதற்கென்று கொடுத்திருக்கும் மெல்லிய வளையங்களும், கார்களில் திருகி மாட்டும் கண்ணியும் சமதரையில் மெதுவாக இழுப்பதற்கு மட்டுமே உதவும். உளையிலிருந்து வெட்டி இழுக்கும் விசையை அவை தாங்கமாட்டா. டிரெய்லர் மாட்டுவதற்கான டோ பால் என்னும் இரும்பு உருண்டையில் ஒருபோதும் பட்டையை மாட்டக் கூடாது. அதன் கழுத்து ஒடிந்தால் பீரங்கிக் குண்டுபோல் பாயும். உலகின் பல பகுதிகளில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. பம்பரில் வெல்டிங் வைத்த வளையத்தைப் பற்றி மேலே எழுதியதே போதும். சரியான இடம் இல்லாத வண்டிக்கு முதல் செலவு அதுவாக இருக்கட்டும். அதன் பிறகு கயிறு வாங்கலாம்.

இனி கயிறு. இதில் இரண்டு இனங்கள் உண்டு, அவற்றை மாற்றிப் பயன்படுத்துவதே பல விபத்துகளுக்குக் காரணம். ஒன்று பாலியெஸ்டர் பட்டை. அது ஏறக்குறைய நீளாது, மெதுவாக நிலையாக இழுப்பதற்கானது. மற்றது கடைகளில் ஸ்னாட்ச் ஸ்ட்ராப் என்று கேட்டு வாங்கும் நைலான் பட்டை, அல்லது அதே வேலையைச் செய்யும் பின்னல் கயிறு. இது சுமார் 20 விழுக்காடு நீண்டு, இழுக்கும் வண்டியின் வேகத்தைத் தன்னுள் வாங்கி, சுருங்கும்போது புதைந்த வண்டியைப் பறித்துக் கொடுக்கும். சங்கிலிக்கும் எஃகு வடத்துக்கும் இந்த நீளும் குணம் கிடையாது. தொய்வு விட்டு வெட்டி இழுத்தால் அடி முழுவதும் கொக்கியின்மீதே விழும்.

எந்த வலுவில் வாங்குவது? ‘எவ்வளவுக்கெவ்வளவு தடிப்போ அவ்வளவுக்கவ்வளவு நல்லது’ என்று கடைக்காரர் சொல்வார்; நம்பாதீர்கள். இத்தகைய பட்டைகளுக்கென்று தனிச் சட்டவிதி வைத்திருக்கும் ஆஸ்திரேலியாவில், பட்டையின் குறைந்தபட்ச அறுபடு வலு வண்டியின் மொத்த எடையைப்போல 2 முதல் 3 மடங்கு இருக்க வேண்டும் என்ற அறிவுரையைப் பட்டையோடு சேர்த்தே தருகிறார்கள். இரண்டு வண்டிகளில் எடை குறைந்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆட்களோடும் சுமையோடும் சேர்த்து உங்கள் வண்டியின் மொத்த எடை 2,200 கிலோ என்று வைத்துக்கொண்டால், 4,400 முதல் 6,600 கிலோ வரை வலுவுள்ள பட்டை போதும். 12,000 கிலோ பட்டையை வாங்கி மாட்டினால் உங்கள் இலகுவான ஜீப்புக்கு அது போதிய அளவு நீளாது. ஏறக்குறைய சங்கிலியைப் போலவே நடந்துகொள்ளும்.

வகுப்பில் நான் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு ஒன்று. 2,000 கிலோ வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதில் இருக்கும் ஆற்றல், அதே வண்டியை ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கீழே போடுவதற்குச் சமம். வேகத்தை 20 ஆக்கினால் உயரம் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது: ஒன்றரை மீட்டருக்கு மேல். அவ்வளவும் ஒரு நொடிக்குள் பட்டையிலும் கொக்கியிலும் இறங்குகிறது. முதல்முறை அசையவில்லை என்றால் இன்னும் வேகமாக வந்து இழு என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார். அப்போது செய்ய வேண்டியது இறங்கி மண் வெட்டுவது. மண்வெட்டியால் ஐந்து நிமிடம் சக்கரத்துக்கு முன்னும் அச்சுக்கு அடியிலும் வழி பறித்தால், இழுவிசை பாதியாகக் குறைந்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நீண்ட கைப்பிடியுள்ள மண்வெட்டிதான் பெட்டியின் மிக மலிவான, மிக மதிப்புள்ள பொருள்.

பட்டையையும் வண்டியையும் இணைக்க ஷேக்கிள் என்னும், ஆணி போட்டுப் பூட்டும் வளைந்த இரும்புக் கொளுவி வேண்டும். பாதுகாப்பாகத் தூக்கத்தக்க சுமை எவ்வளவு என்று அதன் உடம்பிலேயே புடைப்பாகப் பொறித்திருப்பதை மட்டும் வாங்குங்கள்; பெரும்பாலான ஜீப்புகளுக்கு 3.25 டன் அல்லது 4.75 டன் அளவு பொருந்தும். எழுத்தே இல்லாமல் பளபளப்பதைக் கோயில் மணி தொங்கவிட வைத்துக்கொள்ளலாம். ஆணியை முழுதாக முடுக்கிவிட்டுச் சிறிது, கால் சுற்றளவு, தளர்த்தி விடுங்கள். இல்லாவிட்டால் விசையில் இறுகிப்போய்ப் பிறகு கழலாது. இரண்டு பட்டைகளை இணைக்க நடுவில் ஷேக்கிள் போடாதீர்கள். பட்டை அறுந்தால் பறப்பது அந்த இரும்புதான். முடிச்சும் போடாதீர்கள், முடிச்சு விழுந்த இடத்தில் வலு ஏறத்தாழ பாதியாகிவிடும். இழுக்கும்போது பட்டையின் நடுவில் கனத்த ஈரச் சாக்கு ஒன்றைப் போர்த்துங்கள்; அறுந்தால் அதன் வீச்சு தாழும். வேடிக்கை பார்ப்பவர்கள் பட்டையின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால், பக்கவாட்டில் நிற்க வேண்டும். நம் ஊரில் இதுதான் மிகக் கடினமான வேலை என்பதை அறிவேன். தேர் இழுக்கும்போது கூட்டத்தை விலக்கக் குரல் கொடுப்பவரைப் போல, இதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள். அவர் கை காட்டும்வரை ஓட்டுநர் கிளட்சிலிருந்து காலை எடுக்கக் கூடாது.

டிராக்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் செட்டிநாட்டில் மீட்க வருவது பெரும்பாலும் இன்னொரு ஜீப் அல்ல, டிராக்டரே. டிராக்டருக்கு நைலான் பட்டை தேவையில்லை. அதன் எடையும் டயர்ப் பல்லும் போதும். பாலியெஸ்டர் பட்டையைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்து, முதல் கியரில் மெல்ல நகர்ந்தால் போதுமானது. ஆனால் பட்டையை டிராக்டரின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைச் சட்டத்தில் மட்டுமே மாட்ட வேண்டும். பின்அச்சுக்கு மேலே, ஏர் தூக்கும் மேல்கையிலோ இருக்கைத் தாங்கியிலோ மாட்டினால், புதைந்த வண்டி அசையாத நேரத்தில் டிராக்டரின் முன்சக்கரம் மேலெழும்பி, ஓட்டுபவரின்மீதே பின்பக்கமாகக் கவிழ்ந்துவிடும்; சுதாரிக்க நேரம் இருக்காது. உதவிக்கு வரும் அந்த மனிதருக்கு இதைச் சொல்லும் கடமை வண்டி புதைந்தவருக்கு உண்டு.

அடுத்தது காற்று. சேற்றிலும் ஆற்றுமணலிலும் டயர் அழுத்தத்தை 30 பவுண்டிலிருந்து 18 வரை குறைத்தால் டயர் மண்ணோடு படியும் பரப்பு நீண்டு, பல நேரம் கயிறே தேவைப்படாமல் வண்டி வெளியேறிவிடும். ஆகவே அழுத்தமானியும், பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டும் 12 வோல்ட் காற்றடிப்பானும் பெட்டியில் அவசியம். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறியவை ஜீப் டயருக்குத் திணறும், ஃபியூசும் போகும். ஆனால் காற்றை இறக்கியதும் டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கும், நம் கண்மாய்களிலோ சீமைக்கருவேல முள் இறைந்து கிடக்கிறது. அடிப்பகுதியில் ஏறிய முள்ளுக்கு ஒட்டுப் போடலாம். பக்கச்சுவரில் ஏறினால் நிரந்தரமாக ஒட்ட முடியாது. அதனால் கருவேலங்காட்டுக்குள் 22 பவுண்டுக்குக் கீழே நான் இறக்குவதில்லை. பஞ்சர் ஒட்டும் கருவியும், நல்ல ஸ்டெப்னியும், தார்ச்சாலை ஏறுமுன் மீண்டும் காற்று நிரப்பும் பொறுமையும் இருந்தே ஆக வேண்டும்.

சக்கரத்துக்கு அடியில் போடும் பிளாஸ்டிக் பலகைகள் இரண்டு வாங்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் பனைமட்டையும் சாக்கும் உதவும். ஜாக்கி களியில் இறங்காமலிருக்க அடியில் வைக்கக் கெட்டியான மரப்பலகை ஒன்று தேவை. தோல் கையுறை, நெற்றியில் மாட்டும் விளக்கு, முதலுதவிப் பொருள்கள், 108-க்கு அழைத்தால் வழி சொல்லத்தக்க அருகிலுள்ள கோயில் அல்லது ஊரின் பெயர் எழுதிய சீட்டு ஆகியவற்றையும் வையுங்கள்.

வின்ச் என்னும், வடத்தைச் சுருட்டி வண்டியை இழுக்கும் உருளையை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருணிப் படித்துறையின் கல்தூணிலும், கோயில் முன்மண்டபத்துத் தூணிலும் வடத்தைக் கட்டிய தடங்களைப் பார்த்திருக்கிறேன். காரையும் கல்லும் அடுக்கி நிற்கும் தூண் நேர்கீழாக இறங்கும் பாரத்துக்காக நிறுத்தப்பட்டது. பக்கவாட்டு இழுப்பில் சாயும். பார்க்க வரும் விருந்தினருக்கு நாம் காட்டுவதே அவற்றைத்தானே. மரத்தில் கட்டும்போதும் மரத்தின் பட்டை உரியாதபடி அகலமான மரக்காப்புப் பட்டையைச் சுற்றி, தூரோடு தாழ்வாகக் கட்டுங்கள். மரமே இல்லாத உள்வாயில் ஸ்டெப்னியை ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்து, அதிலிருந்து இழுக்கலாம். வேர்த்துக் கொட்டும் வேலைதான், ஆனால் நிற்கும்.

நான் சேர்த்த பெட்டிக்கு ஆன செலவு, வின்ச் நீங்கலாக, நான்கு டயர்களின் விலையைத் தாண்டவில்லை. வாங்கியதோடு வேலை முடியவில்லை. சேறுபட்ட நைலானை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். இழைகளுக்குள் தங்கும் மணல் உள்ளிருந்தே அறுக்கும், வெயில் மெல்ல மெல்லத் தின்னும். ஓரத்தில் வெட்டு விழுந்த பட்டையைத் துணிந்து இரண்டாக நறுக்கி எறியுங்கள். இல்லையென்றால் அவசரத்தில் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள்.

புரட்டாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், உங்கள் ஓட்டுநர்களையும் வண்டிகளையும் ஏதேனும் ஒரு காய்ந்த கண்மாய் அருகில் கூட்டுங்கள். நான் கட்டணமின்றி வந்து கொக்கிகளைப் பார்த்துச் சொல்கிறேன், ஒருமுறை இழுத்தும் காட்டுகிறேன். பக்கத்து வயல்களின் டிராக்டர்காரர்களையும் அழையுங்கள். பெட்டி வண்டியின் பின்புறத்தில், விருந்தினரின் பைகளுக்கு அடியில் போகாமல், முதலில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். உங்கள் வண்டியின் மொத்த எடையையும் பட்டையின் வலுவையும் அதன் மூடியின் உட்புறத்தில் பெயிண்டால் எழுதி வையுங்கள்.

இங்ஙனம்,
காரைக்குடி வட்டாரத்து ஓய்வு பெற்ற மோட்டார் மெக்கானிக் ஆசிரியன்