டாங்க் கண்ணாடி உடைந்தால் டாங்க்கையே எறிய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரித்தானியாவில் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பாவித்து எறியும் வேப்களை (திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின்சிகரெட்டுகளை) விற்க முடியாது. இப்போது விற்கும் வேப் திரும்ப சார்ஜ் செய்யக்கூடியதாக, திரவம் நிரப்பக்கூடியதாக, காயில் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். தமிழர் நடத்தும் மூலைக்கடைகளும் இந்தப் புதிய வகைகளைத்தான் அடுக்கி வைத்திருக்கின்றன. ஆனால் கண்ணாடி உடைந்த டாங்க்கோடு, அதாவது வேப்பில் திரவம் நிற்கும் பாகத்தோடு, ஒருவர் வந்தால், "புதுசு ஒன்று எடுங்கோ" என்ற ஒரே பதில்தான் பல கடைகளில் கிடைக்கிறது. அந்தப் பதில் பிழையானது. சிகரெட்டை விட்டுவிட்டு வேப்புக்கு மாறிய ஒருவர், டாங்க் உடைந்த அன்று மாலை பழைய சிகரெட் பக்கெட்டைத் தேடிப் போய்விடக்கூடும். 3 முதல் 5 பவுணுக்குள் கிடைக்கும் ஒரு கண்ணாடிக் குழாய் அதைத் தடுக்கும்.

முதலில் உடைந்த டாங்க்கைக் கையாளும் முறை. பிரித்தானியச் சட்டப்படி டாங்க் 2 மில்லிலீட்டருக்கு மேல் கொள்ளக்கூடாது, நிக்கொட்டின் மில்லிக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அப்படிப் பார்த்தாலும் நிறைந்த ஒரு டாங்க் மேசையில் கொட்டினால் 40 மில்லிகிராம் நிக்கொட்டின் வரை அங்கே கிடக்கும். அது தோலாலும் உள்ளே போகும். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் இதை அலட்சியமாக எடுக்க முடியாது. கையுறை போட்டு, கிச்சன் பேப்பரால் ஒற்றி எடுத்து, இடத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் துடையுங்கள். கையில் பட்டால் உடனே கழுவுங்கள். பிள்ளை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் 111க்கு அழையுங்கள். பிள்ளை சோர்ந்தாலோ மூச்சுத் திணறினாலோ 999.

வெடித்த கண்ணாடியோடு "இன்னும் கொஞ்சம் இருக்கிறதே" என்று இழுப்பது மிகவும் ஆபத்து. கண்ணாடித் துகள் திரவத்தில் கலந்துவிடும், காயிலின் பஞ்சிலும் சிக்கும். ஆகவே மிஞ்சிய திரவத்தையும் அந்தக் காயிலையும் எறிந்துவிடுங்கள், காயில் நேற்றுப் போட்டதாக இருந்தாலும் சரி. சுப்பர் குளூ, எபொக்சி, செலோடேப் எதுவும் வேண்டாம். ஒட்டிய இடம் திரவத்தில் ஊறி விடும், பசை மூச்சோடு போகும்.

மெஷினை (பெட்டரி உள்ள பகுதியை) அணைத்து டாங்க்கைக் கழற்றுங்கள். பெட்டரி கழற்றக்கூடியதென்றால் அதையும் எடுங்கள். அடிப்பாகம் இறுகி நின்றால் குறட்டால் திருகக்கூடாது, திரெட் (திருகுமரை) நசுங்கிவிடும். டாங்க்கை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு நிமிடம் வைத்து, தடித்த ரப்பர் பேண்டைச் சுற்றிப் பிடித்துத் திருப்பினால் இளகும். கொதிநீர் வேண்டாம். கழன்ற உலோகப் பாகங்களை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, முழுவதும் காயவிடுங்கள். மெஷினில் திருகும் அடிமுனையை ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சு முனையால் துடையுங்கள். அங்கே பழைய திரவம் உறைந்திருந்தால் புதுக் கண்ணாடி போட்ட பிறகும் திரையில் "ஷோர்ட்" (மின் குறுக்குச்சுற்று) அல்லது "செக் அட்டமைசர்" (டாங்க்கையும் காயிலையும் பார்) என்று வரும். ஆட்கள் மெஷினே பழுது என்று நினைத்து அதையும் மாற்றிவிடுகிறார்கள்.

அடுத்தது ஓ ரிங். கண்ணாடி இரு முனையிலும் சிலிக்கன் வளையங்களில்தான் அமர்ந்திருக்கிறது. ஸ்ட்ரோவின் மேல் வாயை விரலால் பொத்தினால் உள்ளிருக்கும் சோடா கீழே விழாதல்லவா, டாங்க்கும் அப்படித்தான் வேலை செய்கிறது. மேல் பக்கம் காற்றுப் புகாத வரைக்கும் திரவம் காயிலுக்கு வேண்டிய அளவு மட்டுமே இறங்கும். மேல் வளையத்தில் மயிரிழை வெட்டு இருந்தால் போதும், காற்று உள்ளே போய் திரவம் முழுவதும் காயில் வழியாகக் காற்றுத் துளைகளுக்கு வந்துவிடும். அடியில் ஒழுகுகிறது என்று அடி வளையத்தையே திரும்பத் திரும்ப மாற்றுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. வளையத்தை வெளியே எடுத்து விரல்களுக்கு இடையில் மெல்ல இழுத்து, வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். தட்டையாகியிருந்தாலோ கடிபட்டிருந்தாலோ மாற்றுங்கள். வளையம் இருந்த பள்ளத்திலும் நனைந்த பஞ்சு முனையை ஒரு சுற்று ஓட்டுங்கள். கண்ணாடி உடையும்போது சிறு துகள் அங்கேதான் ஒளிந்துகொள்ளும். அது புது வளையத்தையும் வெட்டிவிடும்.

கண்ணாடி வாங்கும்போது தயாரிப்பாளரின் பெயரை மட்டும் சொல்லக்கூடாது. அஸ்பயர் நிறுவனத்தின் நோட்டிலஸ் டாங்க்குக்குரிய கண்ணாடி நோட்டிலஸ் மினிக்குப் பொருந்தாது. டாங்க்கில் பொறித்திருக்கும் முழுப் பெயரையும், பெட்டி இருந்தால் அதையும் காட்டுங்கள். உடையாத துண்டு இருந்தால் வேர்னியர் அளவுகோலால் வெளி விட்டத்தையும் உயரத்தையும் அளக்கலாம். உயரம் அரை மில்லிமீட்டர் குறைந்தாலே வளையம் நசியாது, ஒழுகும். அரை மில்லிமீட்டர் கூடினால் மூடி கடைசிவரை போகாது. போகவைக்க இறுக்கினால் கண்ணாடி மறுபடியும் வெடிக்கும். புதிதாகப் போட்ட கண்ணாடி முதல் வாரத்திலேயே உடைவதற்கு இப்படி இறுக்குவதே பெரும்பாலும் காரணம்.

பொருத்தும்போது வளையத்தில் ஒரு சொட்டு வேப் திரவத்தைத் தடவிக்கொள்ளுங்கள். சமையல் எண்ணெயோ வஸலினோ கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குப் போகக்கூடாத பொருள். கண்ணாடியைச் சாய்க்காமல் நேராக வைத்து, இலேசாகத் திருப்பியபடி அமுக்குங்கள். புதுக் காயிலின் பஞ்சுத் துளைகளில் நாலைந்து சொட்டு விட்டு அதைக் கடைசிவரை திருகுங்கள். பாதியில் நிற்கும் காயிலும் ஒழுகும். மூடியை விரல் பலத்தோடு நிறுத்துங்கள். நிரப்பியபின் மெஷினில் பூட்டாமல் ஒரு வெள்ளைக் கிச்சன் பேப்பரின் மேல் 15 நிமிடம் நிறுத்தி வையுங்கள். ஈர வட்டம் விழவில்லையென்றால் பூட்டலாம், அந்த நேரத்துக்குள் பஞ்சும் ஊறியிருக்கும். திரையில் தெரியும் ஓம் அளவு (காயிலின் மின்தடை) காயிலில் அச்சிட்டதற்குக் கிட்ட இருக்க வேண்டும். 1.6 என்ற காயில் 0.3 காட்டினால் இழுக்காதீர்கள், கழற்றித் துடைத்து மறுபடி பாருங்கள்.

பிளாஸ்டிக் டாங்க் கீழே விழாமலே வெடித்தால் சந்தேகம் திரவத்தின் மேல். கறுவா, எலுமிச்சை, தோடை, மென்தோல், சோம்பு வாசனைத் திரவங்கள் பொலிகார்பனேட் பிளாஸ்டிக்கை அரிக்கும். முதலில் சிலந்திவலை போல வெண்கீறல் தெரியும், பிறகு பிளக்கும். அதே பிளாஸ்டிக்கை மறுபடி வாங்கினாலும் அதே கதிதான். இந்த வாசனைகளை விரும்புகிறவர்களுக்குக் கண்ணாடி டாங்க்தான் சரி. ஒட்டி மூடிய பொட் (டாங்க்குக்குப் பதிலாகச் செருகும் சிறு கூடு) வெடித்தால் அதைத் திருத்த முடியாது. திரெட் தேய்ந்த அல்லது நடுக்குழாய் வளைந்த டாங்க்கும் அப்படித்தான். இந்த நிலையில் மட்டும் புதிது வாங்குங்கள்.

உடைந்த கண்ணாடியைப் போத்தல் சேர்க்கும் தொட்டியில் போடாதீர்கள். இது பெரும்பாலும் போரோசிலிக்கேட் என்ற சூடு தாங்கும் கண்ணாடி, சாதாரணப் போத்தல் கண்ணாடியோடு சேர்ந்து உருகாது. பேப்பரில் சுற்றி டேப் ஒட்டி வீட்டுக் குப்பையில் போடுங்கள். பெட்டரி உள்ள பழைய மெஷினைக் குப்பையில் போடவே கூடாது, நசுங்கினால் தீப்பிடிக்கும். வேப் விற்கும் கடைகள் அவற்றைத் திருப்பி வாங்கிச் சேகரிக்கக் கடமைப்பட்டவை.

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று. டாங்க்கை வெறுமையாக்கி மெஷினைக் கைப்பையில் வைப்பது விமானத்துக்குச் சரியான முறைதான். ஆனால் சிங்கப்பூரில் வேப் வைத்திருப்பதே குற்றம். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இறக்குமதியையும் விற்பனையையும் தடுக்கிறது. உடைந்த டாங்க்குக்குச் சென்னையில் பாகம் தேடலாம் என்று நினைக்காதீர்கள், அந்த நாடுகளுக்கு வேப்பையே கொண்டு போகாதீர்கள்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் அதிகம் விற்கும் மூன்று டாங்க்குகளுக்காவது 2 மில்லி கண்ணாடி நாலைந்தும், அதே டாங்க்குக்குரிய ஓ ரிங் பக்கெட் ஒன்றும் காசுமேசைக்குக் கீழே வைத்திருங்கள். டாங்க் விற்கும்போதே ஒரு கண்ணாடியைச் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வேப் பாகங்கள் பழுதுபார்க்கும் வாசகர்கள்,
ஈஸ்ட்ஹாம், லண்டன்