நுவரெலியாவில் கலப்பையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

விவசாயியாக இருந்து விவசாய அதிகாரியானவரைப் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில், கலப்பை பிடித்த கை பேனா பிடிக்கும் உயரத்துக்கு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நுவரெலியாச் சரிவில் கலப்பையை எங்கே பார்த்தீர்கள்? இங்கே மண்வெட்டியும் மண் கிளறும் முள்ளும்தான். அது கிடக்கட்டும். 'உயரம்' என்றீர்களே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. அவருடைய டிப்ளோமா, பரீட்சை, பதவி உயர்வு எல்லாம் வரிசையாக வந்திருக்கின்றன. மண்வெட்டி பிடித்த காலத்தில் அவர் கற்றது என்ன என்று ஒரு வரி இல்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல. கோவா (முட்டைக்கோஸ்) நடுப்பகலில் துவண்டு மாலையில் நிமிர்ந்தால், தோட்டம் செய்கிறவன் தண்ணீர் வாளியைத் தேடமாட்டான். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்ப்பான். வேர் விரல் விரலாகப் புடைத்திருந்தால் நோய் மண்ணில் இருக்கிறது. இலைக்கு மருந்தடித்துப் பயனில்லை. மண்வெட்டியில் ஒட்டிய சேற்றோடும் வாங்கிவந்த நாற்றோடும் அது அடுத்த பாத்திக்குப் போகும். மழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போக மண் புளித்துவிடும். அங்கேதான் அது செழிக்கும். அதனால் நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே டொலமைட் என்ற சுண்ணாம்புத் தூளைப் போட்டுக் கொத்திக் கலக்க வேண்டும். கூடவே யூரியாவையும் போட்டால் நைதரசன் ஆவியாகப் போய்விடும், காசும் அதோடு. எவ்வளவு டொலமைட் என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும். மாதிரியை எருக் குவித்த இடத்திலோ வடிகான் ஓரத்திலோ எடுத்தால் அறிக்கையே பொய். குறுக்கும் மறுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடத்தில் ஆறு அங்குல ஆழம் வரை எடுத்து, வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அதில் அரைக் கிலோ அனுப்ப வேண்டும். உருளைக்கிழங்குச் செடி பச்சை மாறாமலே வாடினால், அடித்தண்டை வெட்டி ஒரு கிளாஸ் தெளிந்த தண்ணீரில் பிடித்தால் போதும். வெட்டிலிருந்து பால் நூல்போல இறங்கினால் பற்றீரியா வாடல்; அந்தக் கிழங்கு விதைக்கு ஆகாது. இதற்கெல்லாம் அதிகாரிக் கதிரை தேவையில்லை.

கதிரை செய்ததையும் பார்த்தோமே. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வெட்டாக நிறுத்தி, நவம்பரில் திரும்ப அனுமதித்தார்கள். லீக்ஸ் செடிக்கு அரசு வர்த்தமானி வாசிக்கத் தெரியாது, ஐயா. மானியம் என்று போனால் காணி உறுதி கேட்கிறார்கள். தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் தேயிலைத் தோட்டத்து நிலத்தில் மரக்கறி போடுகிறவன் உறுதிக்கு எங்கே போவான்? மண் அறிக்கை வந்தாலும் சிங்களத்தில் வருகிறது. பசளைக்கடை முதலாளிதான் வாசித்துச் சொல்கிறார், தான் விற்கும் மருந்தின் பெயரையும் சேர்த்து.

கேட்பது பெரிதில்லை. அந்த அதிகாரியிடமே திரும்பப் போய், மண் மாதிரி எடுக்கும் முறையை வாங்கித் தமிழில் அரைப் பக்கம் போடுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி ஆலோசனை இலக்கத்தையும் கண்ணில் படுகிற எழுத்தில் போடுங்கள். படம் போடுவதானால், தயவுசெய்து மண்வெட்டி.

இப்படிக்கு,
மரக்கறித் தோட்டக்காரன்,
கந்தப்பளை.