தம்பிக்கு, கிளாஸ்கோவிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு அப்பா, அம்மா, அக்கா, அத்தான், குட்டி எல்லோரும் நலம்தானே? உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்றே தள்ளிவிட்டேன். அம்மாவுக்கு மனசு கஷ்டமாக இருந்திருக்கும். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான் அதிகம் என்று சொல்.

டிசம்பரில் இங்கே மூணேமுக்காலுக்கே இருட்டிவிடுகிறது. கீழ்வீட்டுப் பெரியவர்தான் பேச்சுத்துணை. எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் ஒரு தடவை கை தட்டிப் பார்ப்பார் என்று எழுதியிருந்தேனே, அவரேதான். மாடிப்படியில்கூடத் தட்டுவார். சத்தம் சுவரில் பட்டு எப்படித் திரும்புகிறது என்று பார்க்கிறாராம். 120 பேர் நிற்கிற ஒரு சின்ன கிளப்பில் ராக் பேண்டுகளுக்கு மிக்ஸரில், அதாவது எல்லாச் சத்தத்தையும் கலந்து அளவு வைக்கிற பலகையில், உட்காருகிறார். வெள்ளி, சனி இரவு அவரோடு போய் கேபிள் சுற்றிக் கொடுக்கிறேன். சும்மா பொழுதுபோக்குக்குத்தான். அம்மாவிடம் வேலை என்று சொல்லிவிடாதே.

உங்கள் பேண்டின் முதல் கச்சேரி சின்ன ஹாலில் என்று எழுதியிருந்தாய். இங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டாய். சொல்கிறேன், மற்ற பசங்களுக்கும் படித்துக் காட்டு.

சின்ன ஹாலில் சத்தத்தின் அளவை முடிவு செய்வது டிரம்ஸ்தான். அதற்கு மைக்கே தேவைப்படாது. கிட்டார் ஆம்ப் (சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி), பேஸ் கிட்டார் இரண்டும் டிரம்ஸுக்குச் சமமாக நிற்க வேண்டும், அதற்கு மேல் போகக்கூடாது. போனால் பாடுகிறவன் குரல் கேட்காது. அவன் குரலை ஏற்ற ஏற்ற மைக் ஊளையிட ஆரம்பிக்கும். மிக்ஸரில் யார் உட்கார்ந்தாலும் மேடையில் இருக்கிற ஆம்பைக் குறைக்க முடியாது, நீங்களேதான் குறைக்க வேண்டும். 15, 20 வாட் வால்வ் ஆம்ப் (பழைய ரேடியோ மாதிரி கண்ணாடிக் குழாய் வைத்தது) தாராளம். அதைத் தரையில் நேராக வைக்காதே. ஸ்பீக்கர் முழங்கால் உயரத்தில் இருப்பதால் வாசிப்பவன் காதுக்கு மந்தமாகக் கேட்கும், அவன் இன்னும் ஏற்றுவான். கூர்மையான சத்தமெல்லாம் முன்வரிசைக்காரன் காதைக் கிழிக்கும். பின்னால் சாய்த்து வை, அல்லது ஒரு பெட்டி மேல் ஏற்று.

பாடுகிறவன் மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஷூர் கம்பெனியின் எஸ்எம் 58 மாதிரி மைக் முன்பக்கச் சத்தத்தை மட்டும் வாங்குவதே வலைக்குப் பின்னால் இருக்கும் துளைகளால்தான். அவற்றை மூடினால் எல்லாப் பக்கமும் வாங்கும், உடனே கூவும். மானிட்டரை, அதாவது பாடுகிறவன் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கிற ஸ்பீக்கரை, மைக்கின் வால்பக்கத்துக்கு நேரே வையுங்கள். அந்தப் பக்கம் அதற்குக் காது கிடையாது.

மூன்று பேண்ட் என்றால் கடைசியில் வாசிப்பவர்களுக்குத்தான் முதலில் சவுண்ட் செக், அதாவது கச்சேரிக்கு முன் வாசித்துச் சத்தத்தைச் சரிபார்ப்பது. முதலில் வாசிப்பவர்களுக்குக் கடைசியில். அப்போதுதான் அவர்கள் சாமான் மேடையிலேயே இருக்கும், அப்படியே ஆரம்பித்துவிடலாம். டிரம்ஸும் பேஸ் ஸ்பீக்கர் பெட்டியும் எல்லோருக்கும் பொது. ஸ்னேர் (சின்ன டிரம்), சிம்பல் (உலோகத் தட்டு), கிக் பெடல் (பெரிய டிரம்மைக் காலால் அடிக்கிற மிதி) மூன்றையும் டிரம்மர் தன்னுடையதைக் கொண்டுவர வேண்டும். ஆள் மாற 15 நிமிடம்தான். சிம்பலை மேடையில் நின்று கழற்றிக்கொண்டிருக்காதீர்கள், ஸ்டாண்டோடு கீழே இறக்கிவிட்டு அப்புறம் கழற்றுங்கள். யார் எங்கே நிற்பார்கள், எத்தனை மைக், எத்தனை பிளக் என்று ஒரு தாளில் வரைந்து முன்கூட்டியே மிக்ஸர்காரரிடம் கொடு. உங்களுக்கு அரை மணி நேரம் என்றால் 25 நிமிடத்துக்குப் பாட்டு வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் ட்யூனிங்குக்கே போய்விடும்.

பேஸில் உர்ரென்று இரைச்சல் வந்தால் டிஐ பெட்டியில், அதாவது பேஸை மிக்ஸரோடு இணைக்கிற சின்னப் பெட்டியில், கேபிளின் எர்த் இணைப்பைத் துண்டிக்கிற எர்த் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டிப் பார். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எந்தக் காரணத்துக்கும் பிடுங்காதே. ஒரு கையில் கிட்டார் கம்பி, உதட்டில் மைக் என்று நிற்கிறவன் உடம்பு வழியாக 230 வோல்ட் போய்விடும். வால்வ் ஆம்பை ஸ்பீக்கர் மாட்டாமல் போடாதே, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். ஸ்பீக்கருக்குக் கிட்டார் கேபிளை மாட்டுவதும் தப்பு. இங்கே குளிரிலிருந்து கிட்டாரை உள்ளே கொண்டுவந்து சூடான விளக்குக்குக் கீழே நின்றால் கம்பி தளர்ந்து சுருதி இறங்கிவிடுகிறது. உனக்கு ஏசி அறையிலிருந்து வெளியே போனால் இதேதான். புதுக் கம்பியை முந்தின நாளே மாட்டி, இழுத்து இழுத்துவிடு.

காதுக்குப் பஞ்சு போதாது, முறையான இயர்பிளக் வாங்கு. 85 டெசிபலைக் காது எட்டு மணி நேரம் தாங்கும். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால்மணி நேரம்தான். இதை அலட்சியம் செய்யாதே.

இந்த ஊரில் கிங் டட்ஸ் என்று 300 பேர் நிற்கிற இடம் இருக்கிறது. ஒயாசிஸ் பெயர் தெரியாத பேண்டாக இருந்தபோது, 1993 மே மாதம், அங்கே வாசித்ததைப் பார்த்துத்தான் கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு கம்பெனியின் ஆலன் மெக்கீ அவர்களைச் சேர்த்துக்கொண்டார். அதனால் இருபது பேர் வந்தாலும் முழு மனதோடு வாசியுங்கள். ஆனால் முதலில் இத்தனை டிக்கெட்டை நீங்களே வாங்குங்கள் என்று எவனாவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சவுண்ட் செக்கில் முதலில் கிக் டிரம்மை மட்டும் தனியாக அடிக்கச் சொல்வார் பெரியவர். காலி ஹாலில் அது காதில் விழாது, நேரே நெஞ்சுக்குள் இறங்கும். கொடியேற்றத்துக்குத் தவில் ஆரம்பித்ததும் நீ அப்பா தோளில் உட்கார்ந்துகொண்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்வாயே. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதுதான் ஞாபகம் வருகிறது. இந்த வருஷமும் கொடியேற்றத்துக்கு வர முடியாது போலிருக்கிறது தம்பி. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

அப்பாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். இந்த மாதப் பணம் பத்து நாள் தாமதமாகும், பேங்க்கில் ஏதோ மாற்றம். அதுவரை அத்தானிடம் வாங்கிக்கொள், நான் அவருக்கு எழுதிக்கொள்கிறேன். சித்தப்பா பங்குப் பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்து கேட்டால் அப்பா போடக்கூடாது. நகலை எனக்கு அனுப்பு, படித்துவிட்டுச் சொல்கிறேன். அக்கா அனுப்பிய சாம்பார்ப்பொடி தீர்ந்துவிட்டது, தனியாக அனுப்ப வேண்டாம், யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடட்டும். என் பழைய கிட்டார் பரண்மேல் இருக்கிறது. மேல் கம்பியின் திருகாணி வழுக்கும், அதை மாற்றிவிட்டு எடுத்துக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணன்